மருத்துவர் பதில்: அறிக்கையில் உள்ள மரபணு யாருடையது?

கேள்வி: என் தாயாருக்கு இரத்தப் புற்றுநோய். இரண்டாம் சுற்றுக் கீமோதெரபி முடிந்த பத்தாம் நாள் குளிர்காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் இரத்தக் கல்ச்சர் சோதனையில் ‘கிளெப்சியெல்லா, என்டிஎம் மரபணு உள்ளது’ என்று வந்தது. மருந்தை மாற்றிய பிறகு தேறிவிட்டார். இந்த மரபணு பரம்பரையாக எங்களுக்கும் இருக்குமா? இனி அவர் உடம்பு ஆன்டிபயாடிக்கை ஏற்காதா? அடுத்த கீமோதெரபி கொடுக்கலாமா?

பதில்: அந்த மரபணு உங்கள் தாயாருடையது அன்று, அவருடைய இரத்தத்தில் பெருகிய கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியாவுடையது. ஆகவே பிள்ளைகளுக்கு அது வழிவழியாக வர இடமே இல்லை. மருந்துக்கு மசியாமல் நின்றதும் அந்தக் கிருமிதானே தவிர, அவருடைய உடம்பு அன்று. ‘மருந்து ஏற்காத உடம்பு’ என்று உறவினர்கள் பேசுவதைக் கேட்டு நோயாளிகள் மனமொடிந்து போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பேச்சு அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெனிசிலின் முதல் மெரோபெனம் வரை பல மருந்துகளின் உயிர்நாடி, பீட்டா-லாக்டம் எனப்படும் சின்னஞ்சிறு வேதி வளையம். என்டிஎம் மரபணுவைக் கொண்ட பாக்டீரியா அந்த வளையத்தை உடைக்கும் நொதியைத் தயாரித்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் தட்டு முழுவதும் பாக்டீரியாவைப் பரப்பி அதன்மேல் மருந்து தோய்ந்த வில்லைகளை வைப்பார்கள். வேலை செய்யும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் தோன்றும். இத்தகைய கிருமி வளர்ந்த தட்டில் மெரோபெனம் வில்லையின் விளிம்பை ஒட்டியே பாக்டீரியா படர்ந்திருப்பதைக் காணலாம். இந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் தனி டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், கிளெப்சியெல்லா அதை ஈ. கோலை போன்ற வேறு இனத்துக்கும் கைமாற்றிவிட முடியும்.

கீமோதெரபிக்குப் பின் ஒன்றிரண்டு வாரங்களில் கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கிவிடலாம்; அதே நாட்களில் குடலின் உட்சவ்வும் புண்ணாகியிருப்பதால், குடலில் சும்மா கிடந்த பாக்டீரியா இரத்தத்துக்குள் எளிதாக நுழைந்துவிடுகிறது. அப்போது வரும் காய்ச்சலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். கல்ச்சர் முடிவுக்கோ ஓரிரு நாட்களாவது ஆகும். எனவே முதல் மருந்தை அனுமானத்தின் பேரில்தான் தொடங்குகிறோம். அந்த அனுமானம் தவறினால் இழப்பது நோயாளிக்கு மிக முக்கியமான மணி நேரங்கள். மரபணுவின் பெயர் வரை தெரிந்துகொள்ள விரும்புவது இதனால்தான்: கேபிசி என்னும் வேறொரு எதிர்ப்பு மரபணு என்று வந்தால் செஃப்டாசிடைம்-அவிபாக்டம் என்னும் கூட்டு மருந்து பெரும்பாலும் போதும்; என்டிஎம் என்றால் அது மட்டும் பயன்படாது, அதனுடன் அஸ்ட்ரியோனம் என்னும் மற்றொரு ஆன்டிபயாடிக்கும் சேர்ப்பது வழக்கம்.

அடுத்த கீமோதெரபியைப் பொறுத்தவரை, தொற்று முழுமையாகத் தீர்ந்து, இரத்த அணுக்களும் மீண்ட பிறகு பெரும்பாலோருக்குத் தொடர முடிகிறது. நாளையும் அளவையும் அவருடைய புற்றுநோய் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தேறிய பிறகும் இந்தக் கிருமி குடலில் பல மாதங்கள் தங்கியிருக்கக்கூடும். தங்கியிருப்பது வேறு, தொற்று வேறு. தங்கியிருப்பதற்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை, கொடுத்தால் எஞ்சிய நல்ல பாக்டீரியாக்கள்தாம் அழியும். ஆரோக்கியமாக உள்ள நீங்கள் அவருடன் இருப்பதற்கோ அவரை அணைத்துக்கொள்வதற்கோ அஞ்ச வேண்டாம். கழிப்பறைக்குச் சென்று வந்த பிறகும், அவருக்கு உணவு தரும் முன்பும், மருந்தேற்றுவதற்காகப் பெரிய சிரையில் மத்திய சிரைக் குழாய் பொருத்தப்பட்டிருந்தால் அதன் அருகே கை கொண்டுபோகும் முன்பும் சோப்பால் கைகளை நன்றாகக் கழுவினால் போதும்.

வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திராமல், இரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். என்டிஎம் என்று குறிப்பிட்ட அந்த அறிக்கையின் நகலை அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் வைத்து, பணியில் இருக்கும் மருத்துவர் கேட்கும் முன்பே எடுத்துக் காட்டுங்கள். முதல் ஊசியிலேயே சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு தாள் அவருக்கு உதவும்.