பழைய கணினி கேம்களை மறுபடி ஆட: கேள்வி பதில்

டாஸ் (விண்டோஸுக்கு முன்பிருந்த, கட்டளை அடித்து இயக்கும் இயங்குதளம்) காலத்திலிருந்து 2005 வாக்கில் வந்தவை வரை உள்ள கேம்களைப் பற்றிய கேள்விகள் இவை. முன்கூட்டியே ஒன்று: பழைய கேம் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் கேமில் கோளாறு இருக்காது. அந்தக் காலக் கணினியின் வேகம், நிறம், டிஸ்க் என ஏதோ ஒன்றை நம்பி எழுதியிருப்பார்கள். எதை நம்பியது என்று கண்டுபிடித்துக் கொடுத்தால் ஓடிவிடும்.

அண்ணா, டாஸ்பாக்ஸைத் திறந்தால் "இசட்" என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை எப்படித் தொடங்குவது?

டாஸ்பாக்ஸ் என்பது இன்றைய கணினிக்குள் ஒரு பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள். இசட் அதன் சொந்த டிரைவ். உங்கள் ஹார்ட் டிஸ்க்கை அது தானாகப் பார்க்காது. முதலில் கேம்களுக்கென்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பெயர் 8 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். டாஸ்பாக்ஸில் "மவுண்ட்" கட்டளை, இடைவெளி, "சி", இடைவெளி, அந்த ஃபோல்டரின் முழுப் பாதை என்று அடித்து என்டர் தட்டுங்கள். அடுத்து "சி" என்று அடித்து முக்காற்புள்ளி வைத்து என்டர். "டிர்" கட்டளை கொடுத்தால் உள்ளே இருப்பவை தெரியும். "சிடி" கட்டளையால் கேம் ஃபோல்டருக்குள் போய் கேமைத் தொடங்கும் இஎக்ஸ்இ ஃபைலின் பெயரை அடித்தால் போதும்.

ஒவ்வொரு முறையும் அடிக்க அலுப்பாக இருந்தால், இதே வரிகளை செட்டிங்ஸ் ஃபைலின் கடைசியில் உள்ள ஆட்டோஎக்ஸெக் பகுதியில் எழுதிவிடுங்கள். விண்டோஸின் சி டிரைவ் முழுவதையும் மவுண்ட் செய்ய வேண்டாம். கேமுக்குள் நடக்கும் ஒரு தவறான அழிப்பு உங்கள் நிஜ ஃபைல்களைத் தொட்டுவிடும். மவுஸ் சிக்கிக்கொண்டால் கன்ட்ரோல் + எஃப்10. முழுத்திரைக்கு ஆல்ட் + என்டர்.

அதே கேமில் 12-ஆம் லெவல். அந்த நிழல் உருவத்தை வெட்ட வெட்ட எனக்குத்தான் உயிர் போகிறது!

போகத்தான் செய்யும். 4-ஆம் லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்தபோது வெளியே போனவன் அவன். அவனை வெட்டுவது உங்களையே வெட்டிக்கொள்வது. கீழ் அம்புக்குறியை அழுத்தி வாளை உறையில் போடுங்கள், அவனும் போடுவான். நேராக அவன்மேல் நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவீர்கள். அதன்பிறகு வரும் பள்ளத்தைப் பார்த்துத் தயங்காமல் ஓடுங்கள், காலடியில் தரை தோன்றும். சொல்லிக்கொடுக்காமலேயே புரியவைக்கும் இந்த ஓர் இடத்துக்காகவே 1989-இல் வந்த இந்த கேமை இன்றும் ஆடலாம்.

இன்னொன்று, மொத்தம் 60 நிமிடம்தான். கன்ட்ரோல் + ஜி சேவ் 3-ஆம் லெவலிலிருந்துதான் வேலை செய்யும், மீதி நேரத்தையும் சேர்த்தே சேமிக்கும். நேரத்தை வீணடித்துவிட்டு சேவ் செய்தால் அந்த சேவ் உதவாது. பொறுமை இல்லாதவர்கள் ரசிகர்கள் உருவாக்கிய எஸ்டிஎல்பாப் பதிப்பை எடுங்கள். எஃப்6 உடனடி சேவ், எஃப்9 திரும்ப வருவது.

சில கேம்கள் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் ஓடுகின்றன. இன்னும் சிலவற்றில் "ரன்டைம் எரர் 200" வருகிறது. இரண்டும் ஒரே கோளாறா சார்?

வேர் ஒன்றுதான், செயலி எதிர்பார்த்ததைவிட வேகம். முதல் வகை கேம்கள் நேரத்தை அளப்பதே இல்லை, செயலி எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம். டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல் + எஃப்11 குறைக்கும், எஃப்12 கூட்டும். சைக்கிள்ஸ் (டாஸ்பாக்ஸ் செயலியின் வேகம்) எண்ணை நேரடியாகவும் தரலாம். தோராயமாக, முதல் தலைமுறை பிசிக்கு 300, 386-க்கு 6000, வேகமான 486-க்கு 25000. வழக்கமான 3000-இல் தொடங்கி, எதிரிகளின் நடை இயல்பாகத் தெரியும் வரை மாற்றுங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் அளவுக்கு மீறிக் கூட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

எரர் 200 டர்போ பாஸ்கல் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டவற்றுக்கே உரிய வியாதி. தொடங்கும்போது 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். செயலி ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் விடை 16 பிட்டில் அடங்காமல் வழிந்துவிடும். அதைத்தான் "பூஜ்யத்தால் வகுத்தல்" என்று தவறாக அறிவிக்கிறது. சைக்கிள்ஸைக் குறைத்துத் தொடங்குங்கள், சரியாகிவிடும்.

டூமை எதில் ஆடுவது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

1993-இல் வந்த கேமின் மூல நிரல் 1997-இல் வெளியாகி, ஆளாளுக்கு ஒரு பதிப்பு உருவாக்கியதால் வந்த இன்பத் தொல்லை இது. பழைய அனுபவம் அப்படியே வேண்டுமென்றால் சாக்லேட் டூம். அதன் பிழைகளும் வரம்புகளும்கூட அசலில் இருப்பவைதான், அதனால் புதிய பெரிய மேப்புகளை அதில் போட்டால் நின்றுவிடும். அதே சாயலில் இரட்டிப்புத் தெளிவும் வரம்பு நீக்கமும் வேண்டுமென்றால் கிறிஸ்பி டூம். முதல்முறை ஆடுபவருக்கு என் பரிந்துரை இதுதான். மாட்களுக்கு (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) ஜிஇசட்டூம்.

எதை எடுத்தாலும், கேமின் மேப், படம், ஒலி எல்லாம் அடங்கிய வாட் ஃபைல் தனியாக வேண்டும். இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். 9 மேப் கொண்ட முதல் எபிசோடு ஷேர்வேராக இலவசம், அதுவே தொடரின் உச்சம் என்பேன். இரண்டு செட்டிங் முக்கியம். அசல் படம் 320க்கு 200, ஆனால் 4:3 மானிட்டரை நிரப்பும்படி உயரமாக இழுத்துக் காட்டப்பட்டது. "ஆஸ்பெக்ட் ரேஷியோ" திருத்தத்தை அணைத்தால் கீழ்ப் பட்டையில் உள்ள முகம் அமுக்கியதுபோல் அகலமாகத் தெரியும். அடுத்து, ஜிஇசட்டூமில் மேலே கீழே பார்க்கும் வசதியை அணையுங்கள். மேல்தட்டில் நிற்கும் எதிரியைத் துப்பாக்கி தானாகவே குறிவைக்கும் என்ற கணக்கில்தான் மேப்புகள் அமைந்திருக்கின்றன.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் பழைய சிடி பதிப்பில் புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் தெரிகிறது.

கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட வேண்டாம். 256 நிறப் பட்டியலை கேம் ஒருமாதிரி நிரப்புகிறது, விண்டோஸ் இடையில் புகுந்து மாற்றிவிடுகிறது. எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு ஆடும் பழைய வைத்தியம் வேலை செய்யும், ஆனால் அநாவசியம். சிஎன்சி-டிடிரா என்ற இலவச மென்பொருளை இறக்கி, அதன் ஃபைல்களை கேமின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் போடுங்கள். "டைரக்ட்ப்ளே வேண்டும்" என்று கேட்டால் விண்டோஸ் ஃபீச்சர்ஸில் லெகசி காம்போனன்ட்ஸ் என்பதன் கீழ் டிக் செய்யுங்கள்.

அசல் சிடிதான், கீறல்கூட இல்லை. விண்டோஸ் 10-இல் கேம் தொடங்கவே மறுக்கிறது.

நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டு உள்ள சிடியாக இருக்கும். அது கேட்கும் டிரைவரை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் காரணத்தால் 2015-இல் பழைய விண்டோஸ்களில் முடக்கியது, விண்டோஸ் 10-இல் சேர்க்கவே இல்லை. அந்த டிரைவரைத் தேடி நிறுவாதீர்கள், ஓட்டையைத் திறந்துவிடுவதற்குச் சமம். பூட்டு நீக்கிய டிஜிட்டல் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது தனி ஹார்ட் டிஸ்க்கில் எக்ஸ்பி போட்டு, இணையத்தில் இணைக்காமல் ஆடுங்கள்.

குவேக் சிடியை ஐஎஸ்ஓ (சிடியின் நகல் ஃபைல்) எடுத்தேன். கேம் ஓடுகிறது, பாட்டு மட்டும் இல்லை.

பாட்டு ஆடியோ டிராக்குகளாக இருக்கிறது, ஐஎஸ்ஓ முதல் டேட்டா டிராக்கை மட்டுமே பிடிக்கும். "பின்", "க்யூ" என்ற இரட்டை ஃபைலாக மறுபடி எடுத்து, டாஸ்பாக்ஸில் "இம்ஜிமவுண்ட்" கட்டளையால் க்யூ ஃபைலைக் கொடுங்கள்.

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் பிரேம் லிமிட்டரை (நொடிக்கு இத்தனை படம் என்ற வரம்பை) அணைத்தால் படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம். சில கணக்குகள் பிரேம் எண்ணிக்கையோடு பிணைந்தவை. நீந்திப் பாருங்கள், ஆள் நகரவே மாட்டார். லிமிட்டரைப் போட்டுவிட்டு, மவுஸ் வேலை செய்யாத கோளாறுக்கு சைலண்ட்பேட்ச் என்ற ரசிகர் திருத்தத்தை நிறுவுங்கள்.

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 வாங்க நினைக்கிறேன். ஹெச்டி என்று ஒன்று இருக்கிறதே, அதுதானே நல்லது?

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2015-இல் வந்த ஹெச்டி எடிஷனில் இரண்டு எக்ஸ்பான்ஷன்களும் (கூடுதல் பகுதிகள்) கிடையாது. கம்ப்ளீட் பதிப்பை வாங்கி, ரசிகர்கள் உருவாக்கிய ஹெச்டி மாட் போடுங்கள். அகலத்திரையும் வரும், எக்ஸ்பான்ஷன்களும் இருக்கும்.

காசு செலவழிக்காமல், சட்டப்படி?

பழைய கதை கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம் நிறுவி பினீத் எ ஸ்டீல் ஸ்கை ஆடுங்கள். 2003-இலிருந்து இலவசம். கதை பிடிக்காதவருக்கு, போக்குவரத்து நிறுவனம் நடத்தும் ஓப்பன்டிடிடி. அதற்கு அசல் ஃபைல்கூட வேண்டாம், இலவச கிராபிக்ஸை அதுவே இறக்கிக்கொள்ளும். முதல் ரயிலை நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தூரத்து மின்நிலையத்துக்கு விடுங்கள். பக்கத்திலேயே விட்டால் வருமானம் தேறாது, கடன்தான் மிஞ்சும்.