படியேறினால் தொடை நடுங்குவது வயதாலா? உடற்பயிற்சியால் மாறுமா?

கேட்டவருக்கு 58 வயது. இரண்டு மாடி ஏறினாலே தொடை கடுக்கிறதாம், வீட்டில் "வயசாச்சு இல்ல?" என்கிறார்களாம். அந்தச் சொல் எனக்கும் சுருக்கென்று தைத்ததுதான், அதனால் எழுதுகிறேன்.

நான் பர்மாவில், யாங்கோன் நகரத்தில் ஆறாவது மாடியில் இருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. ஏணி மாதிரி செங்குத்தாக 102 படி. இங்கே இப்படிப்பட்ட கட்டடங்களில் பால்கனிக்குப் பால்கனி தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், முனையில் கிளிப். பேப்பர்காரர் பேப்பரை மாட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும், இழுத்துக்கொள்வோம். 40 வயதில் அரை மூட்டை அரிசியைத் தோளில் போட்டு நிற்காமல் ஏறியவன் நான். 2022 மழைக்காலத்தில் ஈரப்படியில் சறுக்கிக் கணுக்கால் பிசகி மூன்று வாரம் படுத்தேன். எழுந்த பிறகு கிளிப்பைக் கழற்றிவிட்டுப் பையைக் கட்டினேன். காய்கறி, மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்கு வேகவைத்த பட்டாணி, எல்லாம் கயிற்றிலேயே வந்தது. வாரத்தில் இரண்டு தடவை இறங்கினால் அதிகம். சௌகரியமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம் நிலநடுக்கம். வடக்கே சகாயிங் நகரத்துப் பக்கத்தில் 7.7 அளவு. எங்கள் தெருவில் ஒன்றும் விழவில்லை, ஆனால் விளக்கு ஊஞ்சலாடியதைப் பார்த்துக் கட்டிய கைலியோடு ஆறு மாடியும் இறங்கி ஓடினேன். திரும்பி ஏறும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் தொடை இரண்டும் தானாக உதற ஆரம்பித்தது. சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அந்த மாடியில் இருக்கும் பர்மாக்காரப் பெண் முக்காலியைக் கொண்டுவந்து போட்டு "போபோ, இதில் உட்காருங்கள்" என்றாள். அதுவரை அவளுக்கு நான் "ஊலே", அதாவது மாமா. போபோ என்றால் தாத்தா. ஒரே மத்தியானத்தில் ஒரு தலைமுறை ஏற்றிவிட்டாள்.

மகன் இந்த வீட்டை விற்றுவிட்டுக் கீழ்வீடு பார்க்கலாம் என்றான். அந்தக் கோபத்தில் படிக்க உட்கார்ந்தேன்.

வயதின் பங்கு உண்டு, மறுக்கவில்லை. 30க்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது, 60க்கு மேல் இன்னும் வேகமாக. முதலில் மெலிவது சட்டென்று விசை கொடுக்கும் வேக இழைகள். நெடுநேரம் தாங்கும் மெது இழைகள் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் வலு குறைந்த தொடைக்கு அதே படி முன்னைவிடப் பெரிய சுமை, அதனால் சீக்கிரம் ஓய்கிறது. இழைக்குள் ஆக்சிஜனை வைத்துச் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் சும்மா இருந்தாலே குறையும். வேலை கொடுத்தால் 60 வயதிலும் கூடும்.

என்னை உலுக்கியது டாலஸ் ஆய்வு. 1966இல் 20 வயதுப் பையன்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். 30 வருடம் கழித்து அதே 5 பேரையும் சோதித்தால், 30 வருட மூப்பு பறித்ததைவிட அந்த மூன்று வாரம் பறித்ததுதான் அதிகம். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனைச் சொல்கிறேன். ஆறு மாதப் பயிற்சியில் அந்த மூப்பு பறித்ததை மீட்டும்விட்டார்கள். எனக்கும் மூன்று வாரம்தான், அப்புறம் அந்தப் பாழாய்ப்போன கயிறு.

நான் செய்தது இதுதான்: நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 தடவை, பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குதிகால் தூக்குவது 15, ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் இரண்டு தடவை படி, மூச்சு முட்டுவதற்கு முன்பே நின்று இளைப்பாறி. இறங்குவதை அலட்சியமாக நினைக்காதீர்கள், தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் மறுநாள் வலி அதில்தான். நாலாவது வாரம் கைக்கு ஒரு வீசை வெங்காயம் தூக்கினேன். இங்கே வீசை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மூன்று மாதத்தில் நிற்காமல் ஆறு மாடி. ஓடிப்போய் பஸ் பிடிக்க மட்டும் இன்னும் முடியவில்லை, அந்த வேக இழைகள் போனது போனதுதான் போலிருக்கிறது.

"மூட்டுத் தேய்மானம் இருப்பவர்களைக் கொல்லப் பார்க்கிறாயா" என்று யாரும் வர வேண்டாம். நான் டாக்டர் இல்லை. படியேறும்போது நெஞ்சு அடைத்தாலோ ஒரு கால் மட்டும் வலித்தாலோ முதலில் டாக்டரிடம் போங்கள். தினம் பத்தாயிரம் அடி நடந்தால் போதாதா என்பவர்களுக்கு: அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்ற நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. நடை நல்லதுதான், ஆனால் தொடைக்கு வலு கூட்ட அது போதாது.

படிக்கட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் கட்டடத்தில் 12 குடும்பம், படிக்கட்டுக்கு ஒரு பல்பு வாங்க ஒருவருக்கும் மனசில்லை. நான் மூன்று தடவை மாட்டினேன், மூன்று தடவையும் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். கரண்ட் இருக்கிற நேரமே கொஞ்சம், அதிலும் இருட்டு. இதைக் கூட்டத்தில் சொன்னால் "நீங்கள்தான் அடிக்கடி ஏறி இறங்குகிறீர்கள், நீங்களே வாங்குங்கள்" என்கிறார்கள். இப்போது டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறுகிறேன், இரண்டு கையிலும் வெங்காயம்.

சரி, நீங்கள் எத்தனை படி என்று எழுதவே இல்லையே. ஏறும்போதே கடுக்கிறதா, மறுநாளா? அதையும் சொல்லுங்கள்.