33 டிகிரிதானே என்று நினைக்க வேண்டாம்: முதியவர்களுடன் குமரிக்குக் கோடைப் பயணம்

கேள்வி: எங்களுக்குச் சாத்தூர். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் மூன்று நாள் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க இருக்கிறோம். உடன் வரும் என் தாயாருக்கு வயது 71. பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. காலையில் அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மருந்தும் சேர்ந்த மாத்திரை, சர்க்கரைக்கு இரண்டு வேளை மெட்பார்மின். பாதம் மரத்திருப்பதாகச் சொல்கிறார். இதயக் கோளாறு இல்லை. எங்கள் ஊரில் 38 டிகிரி அடிக்கிறது. குமரியில் 33 தான் என்று செல்போன் காட்டுகிறது. அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்பே திரும்பிவிடுவோம். பயமில்லாமல் அழைத்துப் போகலாமா? அந்த மூன்று நாளும் நீர் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மருத்துவர் பதில்: தாராளமாக அழைத்து வாருங்கள், சகோதரி. இந்த வயதில் தாயாருக்குக் குமரிமுனையைக் காட்ட நினைத்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் 33 என்ற அந்த எண்ணை நம்பிப் பயணத்தை வகுக்காதீர்கள்.

சாத்தூர் வெயில் காய்ந்த வெயில். வியர்வை சுரந்த வேகத்திலேயே உலர்ந்துவிடும். உலரும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். எங்கள் மாவட்டத்தில் கடற்காற்றே ஈரத்தோடுதான் வருகிறது. வியர்வை வழிந்து சட்டையை நனைக்கிறதே தவிர, ஆவியாவதில்லை. காற்றில் 25 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது 38 டிகிரி வெயில் ஏறத்தாழ 38 ஆகத்தான் உடம்புக்குத் தெரியும். ஈரப்பதம் 70 சதவீதமானால் வெறும் 32 டிகிரியே 41 போல உறைக்கும். இதுவும் நிழலில் நிற்பவருக்கான கணக்கு. ஆரல்வாய்மொழி தாண்டியதும் மலையும் வயலும் தென்னையுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அதைப் பார்த்து உடம்பும் குளிர்ந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

அக்னி நட்சத்திரக் கணக்கும் இங்கே அவ்வளவாகச் செல்லாது. கோடை மழை பெய்தால் மே மாதத்திலும் வெப்பம் தணியும். மழை இல்லாத ஏப்ரல் நாளில் இரவிலும் புழுக்கம் விடாது. பகலில் ஏறிய சூடு இரவில் இறங்கினால்தான் முதியவர்களின் உடம்பு மறுநாளுக்குத் தேறும். அதனால் அறை பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்று கேட்பதற்கு முன், காற்றோட்டம் இருக்கிறதா, ஏசி ஒழுங்காக ஓடுகிறதா என்று கேளுங்கள். புது ஊரின் வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். நீங்கள் வருவதோ மூன்று நாள். எனவே முதல் நாளில் அதிக இடங்களை வைத்துக்கொள்ள வேண்டாம்.

நீர் மாத்திரைக்கு வருகிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் அழுத்தம் ஏறக்கூடும். அதே சமயம் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. வியர்வையிலும் அதே உப்பும் நீரும்தான் போகின்றன. இரண்டும் சேர்ந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தள்ளாட்டமும் குழப்பமும் வரலாம். உடம்பில் நீர் வற்றிய வேளையில் டெல்மிசார்டான் சிறுநீரகத்துக்கும் சுமையாகும். ஆகவே, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிட்டு, இரத்த அழுத்தத்தை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் அளக்கச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, அப்படியே விடுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். வந்த இடத்தில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து தண்ணீர் தங்காவிட்டால், அன்றைக்கே அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். அந்த மாத்திரையையும் மெட்பார்மினையும் குணமாகும்வரை நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம்.

மாத்திரையைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பயணம் என்றாலே நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது, கிடைத்தாலும் சுத்தமாக இருக்காது, எல்லோரும் தனக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற கூச்சம். காலையில் ஒரு டம்ளர் காபியோடு ஏறி, மதியம்வரை வாயை நனைக்காமல் வருவார்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. தாயார் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நல்ல கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து, நீங்களே முதலில் இறங்கி அவரையும் கூப்பிடுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அடர்ந்த மஞ்சளானால் குடித்த தண்ணீர் போதவில்லை.

குடிக்கத் தண்ணீரும் உப்பு குறைத்த மோரும் போதும். நொங்கு தாராளமாகச் சாப்பிடலாம். பதநீரிலும் நன்னாரி சர்பத்திலும் சர்க்கரை அதிகம், தாயாருக்கு வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, டெல்மிசார்டானும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கி வைக்கும். பரிசோதனை சரியாக இருந்தால் நாளுக்கு ஓர் இளநீர் கொடுக்கலாம். ஓஆர்எஸ் பாக்கெட்டுகள் பையில் இருக்கட்டும். மிகுந்து வியர்த்துச் சோர்ந்தால் ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாகத்துக்கெல்லாம் அதைக் குடிக்க வைக்க வேண்டாம், அதில் உப்பும் குளுக்கோஸும் இருக்கின்றன.

பாதம் மரத்திருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். விவேகானந்தர் பாறையிலும் கோயில்களிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். உச்சி வெயிலில் கருங்கல் தளத்தில் கால் வைத்தால் நாம் துள்ளி நிழலுக்கு ஓடிவிடுவோம். உணர்விழந்த பாதம் துள்ளாது. உங்கள் தாயார் நின்று நிதானமாகக் கும்பிட்டு, பேரப்பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு, மெல்ல நடந்து வருவார். இரவு அறையில் கால் கழுவும்போது உள்ளங்காலில் ஒரு ரூபாய் அளவுக்குக் கொப்புளம் இருக்கும். வலி இருக்காது. வலிக்கவில்லையே என்று விட்டுவிட்டால், ஊர் திரும்பிய பிறகு அது சீழ் பிடித்த புண்ணாகும். சர்க்கரை நோயாளிகள் விரலை இழப்பது இப்படித் தொடங்கும் புண்களால்தான். கல் தளத்துக்கு வெயில் ஏறும் முன் போங்கள். தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளட்டும். காலுறையை அனுமதிக்காத இடத்தில் நிழல் விழும் ஓரமாகவே நடத்திச் செல்லுங்கள். மூன்று இரவும் அவர் பாதத்தை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

நேரத்தை இப்படி வகுத்தால் நல்லது. ஏப்ரல் நடுவில் குமரிமுனையில் ஆறு மணி தாண்டிச் சூரியன் உதிக்கும். உதயம் பார்த்து, சிற்றுண்டி முடித்து, முதல் படகுகளிலேயே பாறைக்குப் போய், பத்தரை மணிக்குள் திரும்பிவிடுங்கள். கடல் சீற்றத்தால் படகு நிறுத்தப்பட்டால் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டாம். பதினொன்று முதல் நான்கு மணிவரை கூரைக்குக் கீழே இருங்கள். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை அந்த வேளைக்கு ஏற்றது. மரக்கூரையும் வழுவழுப்பான கருந்தரையுமாக உள்ளே வெயில் தெரியாது. திங்கட்கிழமை விடுமுறை. படிகள் குறுகலும் செங்குத்துமானவை. தாயார் கீழ்த்தளத்தோடு நின்றாலும் குறையில்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஒதுங்க நிழலே கிடையாது. அதைக் காலையில் பாருங்கள். கோடை இடியும் மின்னலும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். நூறு அடிக்கு மேல் உயரத்தில் திறந்தவெளியில் நிற்கும் பாலம் அப்போது ஆபத்து. திற்பரப்பு அருவியிலும், மேலே மழை பெய்து தண்ணீர் கலங்கி வந்தால் பிள்ளைகளை இறக்காதீர்கள். சித்ரா பௌர்ணமி அன்று மேற்கே சூரியன் மறைய, கிழக்கே நிலா எழுவதைக் காணப் பெருங்கூட்டம் கூடும். அழகான காட்சிதான், ஆனாலும் அந்த நெரிசலில் 71 வயதுத் தாயாரை நிறுத்தாதீர்கள்.

பிள்ளைகள் வருவதால் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பருவத்தில் எங்கள் கரையில் கள்ளக்கடல் வரும். தெற்கே வெகு தொலைவில் பெருங்கடலில் எழுந்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மருத்துவர்களாகி நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டிய பிள்ளைகள். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. முந்தைய நாளே எச்சரிக்கை வந்திருந்தது. அதனால் தினமும் காலையில் கடல் எச்சரிக்கையைப் பாருங்கள், விடுதியில் கேளுங்கள், மீனவர்களிடம் கேளுங்கள். எச்சரிக்கை உள்ள நாளில் முட்டமோ சொத்தவிளையோ, எந்தக் கடற்கரையிலும் கால் நனைக்கவும் இறங்க வேண்டாம்.

தாயாருக்குத் தலைச்சுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் உடனே நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, விசிறி, குடிக்கக் கொடுங்கள். சர்க்கரையையும் சோதியுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதம். வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். அந்தக் குளிர்விப்புதான் உயிரைக் காக்கும், பாராசிட்டமால் இதற்கு உதவாது. நாகர்கோவில் பக்கம் இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மேற்கே இருந்தால் தக்கலை அரசு மருத்துவமனை. மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் காரில் விட்டுவிடாமல், தாயார் தோளில் மாட்டும் பையிலேயே வையுங்கள்.