தடுமாறும் கால்பந்து அணியைப் புதிய மேலாளர் எப்படி மாற்றியமைக்கிறார்?

கால்பந்தில் மேலாளர் என்பவர், யார் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது, எந்த முறையில் ஆடுவது என்பதைத் தீர்மானிப்பவர். அணி சரியும்போது, பல சமயங்களில் வீரர்களின் திறமையைவிட, அந்தத் திறமைக்கும் அவர்களுக்குத் தரப்பட்ட வேலைக்கும் இடையிலான பொருத்தத்தில்தான் குறை இருக்கும்.

2020 கோடையில் 20 கோடி பவுண்டுக்கும் மேல் செலவழித்து வீரர்களை வாங்கிய லண்டன் அணியான செல்சி, 2021 ஜனவரி இறுதியில் இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீகில் 9ஆம் இடத்தில் கிடந்தபோது தாமஸ் டூகல் அதன் மேலாளராகப் பொறுப்பேற்றார். மையத் தடுப்பாளர்களை மூவராக்கி, இரு ஓரங்களிலும் ஏறி இறங்கி ஆடக்கூடியவர்களை அவர் நிறுத்தினார். பின்னால் ஆள் கூடியதால், பந்தை இழந்த கணத்தில் எதிரணி பாய்ந்து வருவதற்கான இடைவெளி அடைபட்டது. முன்னால் இருப்பவர்களும் அச்சமின்றி நகர முடிந்தது. அதுவரை அதிகம் வாய்ப்புப் பெறாத அன்டோனியோ ரூடிகர் தற்காப்பின் தூணானார். மே 29 அன்று போர்ட்டோவில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்று ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைச் செல்சி கைப்பற்றியது. (பிரீமியர் லீகில் 4ஆம் இடம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

கல்யாணச் சமையற்கட்டில், காய் நறுக்கத் திணறியவரை அடுப்படிக்கு மாற்றியதும் பந்தி தாமதமின்றி நடப்பதைப் போன்றது இது.

புதிய மேலாளர் என்றாலே புதிய வீரர்களை வாங்கிக் குவிப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள்; அந்த ஜனவரியில் டூகலுக்காக ஒரு வீரர்கூட வாங்கப்படவில்லை.