அர்ஜுன் டாங்கியா, டி-90 டாங்கியா? டாங்கியை வெளியில் வாங்குவதா, ஆவடியில் செய்வதா?

கேள்வி: "கம்மவான்பேட்டையில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் ரஷ்ய டாங்கிதான் சரி என்கிறார்கள். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள் அர்ஜுனை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். நாடு எதை எடுக்க வேண்டும்? ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவுக்கு இதில் வேலை கிடைக்குமா?"

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "ரஷ்ய டாங்கி" என்று சொல்லும் டி-90இல் பெரும்பகுதியும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவானதுதான். 2001இல் போட்ட ஒப்பந்தம் 310 டாங்கிகளுக்கு. அதில் 124 முழுதாக வந்து இறங்கின, மீதி 186 பாகங்களாக வந்து ஆவடியில் பூட்டப்பட்டன. 2007இல் இன்னும் 347. 2019இல் 464. அதற்கு உள்ளே இருக்கும் 1000 குதிரைத்திறன் வி-92எஸ்2 இன்ஜினையும் ஆவடி இன்ஜின் ஃபேக்டரியே செய்கிறது. முழுக்க உள்நாட்டுப் பாகங்களில் செய்த இன்ஜினை 2018 ஜூலையில் ராணுவத்திடம் கொடுத்தார்கள்.

இப்போது "நம்ம" அர்ஜுனைத் திறந்து பாருங்கள். இன்ஜின் ஜெர்மனியின் எம்.டி.யூ. கம்பெனி செய்த 838, 1400 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் ரெங்க் கம்பெனியுடையது, அதுவும் ஜெர்மனி. முதல் 124 அர்ஜுன்களில் விலைக் கணக்குப்படி பாதிக்கு மேல் இறக்குமதிதான். உருவம் நம்முடையது, கஞ்சன் கவசம் ஹைதராபாத் உலோக ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, பீரங்கி நம்முடையது. ஓட வைப்பது வெளியூர்க்காரன்.

ஆகவே டாங்கியின் நெற்றியில் ஒட்டிய பெயரை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். எந்தப் பாகம் நின்றுபோனால் டாங்கி ஷெட்டிலேயே படுத்துவிடும், அந்தப் பாகம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டாங்கி முப்பது நாற்பது வருடம் ஓடும் பொருள். வாங்கும் நாளில் விற்பவன் சிரித்துக்கொண்டுதான் இருப்பான். பதினைந்தாவது வருடம் ஒரு சீல் கிட் கேட்டுப் பாருங்கள்.

இதில் ரொம்பக் கஷ்டமானது இன்ஜினும் கியர்பாக்ஸும்தான். லாரி கியர்பாக்ஸ் வேகத்தை மாற்றினால் போதும். டாங்கிக்கு லாரி மாதிரி முன்சக்கரம் திரும்பாது. ஒரு பக்க டிராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) மெதுவாக்கி, மறுபக்கத்தை வேகமாக்கித்தான் வண்டி வளையும். நின்ற இடத்திலேயே சுழல வேண்டுமானால் இரண்டு டிராக்கும் எதிரெதிராக ஓட வேண்டும். கியர் மாற்றுவது, திருப்புவது எல்லாம் அந்த ஒரே பெட்டியின் வேலை. அறுபது டன்னைச் சுமந்துகொண்டு, மணலில், ஐம்பது டிகிரி வெயிலில். தென்கொரியாவே இதில் தடுமாறியது. கே-2 டாங்கிக்கு உள்ளூர் கியர்பாக்ஸ் 9,600 கிலோமீட்டர் பழுதில்லாமல் ஓட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். தாண்டவில்லை. முதல் தொகுதிக்கு இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டும் ஜெர்மனியிலிருந்து போயின. இரண்டாம் தொகுதியில் இன்ஜின் கொரியாவுடையது, கியர்பாக்ஸ் அப்போதும் ஜெர்மனியுடையது. கப்பல், கார், செமிகண்டக்டர் எல்லாம் செய்கிற நாட்டுக்கே இந்தப் பாடு. துருக்கியின் அல்தாய் டாங்கி ஜெர்மன் இன்ஜின் கிடைக்காமல் வருடக்கணக்கில் நின்றது. கடைசியில் கொரியாவிடம்தான் போனார்கள்.

அதே அடி நமக்கும் விழுந்தது. 2021 செப்டம்பரில் அர்ஜுனின் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏ டாங்கிகள் 118க்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் போட்டார்கள். ஒன்றுக்குச் சுமார் 64 கோடி. ஆனால் இன்ஜின் வரிசையை ஜெர்மனியில் மறுபடி தொடங்க வருடக்கணக்கில் ஆகும் என்றதும் சொன்ன காலக்கெடு நழுவியது. 1500 குதிரைத்திறன் உள்நாட்டு இன்ஜினை மைசூரு பி.இ.எம்.எல். தொழிற்சாலையில் 2024 மார்ச் 20 அன்று முதன்முறையாக ஓடவிட்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் டெஸ்ட் பெஞ்சில் ஓடுவது வேறு, தார் பாலைவனத் தூசியை உறிஞ்சிக்கொண்டு டாங்கிக்குள் ஓடுவது வேறு. ஏர் ஃபில்டர், ரேடியேட்டர், கியர்பாக்ஸோடு பொருத்தம் எல்லாம் இனிமேல்தான்.

பட்டாளத்துக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, முக்கியமாக எடை விஷயத்தில். டி-90 சுமார் 46 டன். முதல் அர்ஜுன் 58.5 டன், மார்க்-1ஏ 68 டன் பக்கம். வேலூரில் சிவில் இன்ஜினியரிங் படிக்கிற எந்தப் பையனையும் கேளுங்கள், பாலம் டிசைனில் "70ஆர்" என்று ஒன்று வரும். அது டாங்கிதான்: 70 டன், இரண்டு டிராக், ஒவ்வொன்றும் தரையில் 4.57 மீட்டர் நீளம், 84 சென்டிமீட்டர் அகலம். வகுத்துப் பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு 0.91 கிலோதான். சுமை ஏற்றிய லாரி டயரில் காற்றழுத்தமே ஏழு கிலோவுக்கு மேல். அதனால்தான் பாலாற்று மணலில் லாரி புதையும், டாங்கி போய்விடும். பாலத்தில் கதை தலைகீழ். அங்கே அழுத்தம் கணக்கில்லை, ஒரே கண்ணில் (இரண்டு தூண்களுக்கு நடுவில்) மொத்த எடையும் வந்து உட்காருவதுதான் கணக்கு. தேசிய நெடுஞ்சாலைப் பாலங்கள் 70ஆர் சுமைக்குக் கட்டியவை, தாங்கும். பஞ்சாபின் பழைய கால்வாய்ப் பாலங்கள் அப்படியல்ல. அர்ஜுனின் அகலமும் 3.86 மீட்டர், ரயிலில் ஏற்றினால் சாதாரண சரக்காகப் போகாது, தனி அனுமதியோடு ஊர்ந்துதான் போக வேண்டும். அர்ஜுனை ராஜஸ்தான் பக்கம் வைத்திருப்பதற்கு இதெல்லாம் காரணம்.

வெயிலில் மட்டும் இறக்குமதிக்காரர் தோற்றார். டி-90ஓடு வந்த பிரெஞ்சு கேத்தரின் தெர்மல் கேமராக்கள் (வெப்பத்தை வைத்து இருட்டிலும் பார்ப்பவை) ராஜஸ்தான் வெயிலில் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகின. அந்த கேமராவின் சென்சார் வேலை செய்யக் கடுங்குளிர் வேண்டும். குளிர்விக்கும் சின்ன மோட்டார்தான் உள்ளே இருக்கும் பலவீனம். அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரி தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. அதைவிட மோசம், மூடிய இரும்புப் பெட்டி. ஏ.சி. வைத்தால் தீராதா என்பார்கள். ஏ.சி.க்கு மின்சாரம் வேண்டும். பதுங்கி நிற்கும்போதும் பெரிய இன்ஜினை ஓடவிட வேண்டும், இல்லையென்றால் தனியாக ஒரு சின்ன ஜெனரேட்டருக்கு இடம் தேட வேண்டும். டி-90இல் இடம்தான் இல்லை. மூன்று பேர், அடியில் 22 குண்டுகளைச் சுற்றிவிட்டுத் தானே குழலில் போடும் ஆட்டோலோடர். அர்ஜுனில் நான்கு பேர், குண்டைக் கையால் போடுவார்கள்.

குண்டு பற்றி ஒரு வார்த்தை. அர்ஜுனின் 120 மி.மீ. குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் உண்டு. நேட்டோ நாடுகளின் 120 மி.மீ. வழவழப்பான குழல். அளவு ஒன்றாக இருந்தாலும் அவர்கள் குண்டு இதில் போகாது. அவசரத்துக்கு வெளியில் வாங்கலாம் என்று நினைத்தால் கடையே இல்லை. வரிக்குழல் வைத்திருந்த பிரிட்டனும் சேலஞ்சர்-3 டாங்கியில் வழவழப்புக்கு மாறுகிறது. டி-90இன் 125 மி.மீ. குண்டு ரஷ்ய வழி வந்த எல்லா நாட்டிலும் உண்டு. இதில் என் ஓட்டு டி-90க்கு.

2010இல் ராஜஸ்தானின் மகாஜன் சுடும் பயிற்சி மைதானத்தில் இரண்டையும் தலைக்கு 14ஆக நிறுத்தி ஓடவிட்டார்கள். அர்ஜுன் சளைக்கவில்லை, ஓடிக்கொண்டே சுடுவதில் எண்ணெயும் வாயுவும் கொண்டு குலுக்கலைத் தாங்கும் அதன் ஹைட்ரோ-நியூமேட்டிக் சஸ்பென்ஷன் நன்றாகவே கைகொடுக்கும். ஆனாலும் 124 முடிந்தபின் அடுத்த ஆர்டர் பேப்பரில் வர 2021 ஆகிவிட்டது. அர்ஜுனைக் கெடுத்தது இந்த இடைவெளிதான் என்பேன். ஏன் என்பது உங்கள் மாமாவின் பட்டறைக் கணக்கில் தெரியும்.

அர்ஜுனுக்குப் பக்கத்துக்கு 7 சக்கரம், மொத்தம் 14 சஸ்பென்ஷன் யூனிட். 118 டாங்கிக்கு 1,652. அதற்கு ஒரு ஃபோர்ஜிங் டை (இரும்பை அடித்து உருவாக்கும் அச்சு), ஃபிக்ஸ்சர், கேஜ், ஹீட் ட்ரீட்மெண்ட் சோதனை எல்லாம் போட்டு, நான்கைந்து வருடத்தில் முடித்துவிட்டால் அப்புறம் மெஷின் சும்மா நிற்கும். தெரிந்த வெல்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். பத்து வருடம் கழித்து ஆர்டர் வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், விலையும் ஏறும். டி-90க்குப் பக்கத்துக்கு 6 சக்கரம். 464 டாங்கிக்கு 5,568. இதற்கு எந்தப் பட்டறைக்காரரும் துணிந்து முதல் போடுவார். உள்நாட்டு டாங்கி விலை அதிகம் என்பவர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை.

நாடு எதை எடுக்க வேண்டும் என்றால்: இருக்கிற டி-90ஐ ஓட்டிக்கொண்டே, பழைய டி-72க்குப் பதிலாக வரப்போகும் புதிய டாங்கியைப் பெரிய எண்ணிக்கையில், இடைவெளி விடாமல், இன்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். 2024 செப்டம்பரில் பாதுகாப்புத் துறை அதற்கு முதல்கட்ட ஒப்புதல் கொடுத்தது. பேச்சில் இருக்கும் எண்ணிக்கை 1,770.

மாமா இப்போதே செய்யக்கூடியது: பாதுகாப்புத் துறை 2020இல் தொடங்கிய ஸ்ரீஜன் இணையதளத்தில் ஆவடி நிறுவனங்கள் இறக்குமதி செய்யும் பாகங்களின் பட்டியல் உண்டு. புஷ், பின், பிராக்கெட், சீல் ஹவுசிங் மாதிரி சின்னதில் தொடங்கச் சொல்லுங்கள். முதல் சாம்பிள் அளவில் சரியாக இருந்தும் திரும்பி வரும். பெரும்பாலும் ஸ்டீலின் ஹீட் நம்பருக்கும் (எந்த உருக்குத் தொகுதி என்று சொல்லும் எண்) சர்டிஃபிகேட்டுக்கும் பொருந்தாததால், அல்லது கடினத்தன்மை ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று இருப்பதால். ஹீட் ட்ரீட்மெண்டை வெளியில் கொடுத்தால் ஒவ்வொரு தொகுதிக்கும் தனிச் சான்று கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். டை போடக் கையெழுத்து வைக்கும் முன், இந்த பாகம் மொத்தம் எத்தனை டாங்கிக்கு, எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.