ஜாமீன் கிடைத்தும் தம்பி வெளியே வரவில்லை

நாளைக்கே மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் (இலவச சட்ட உதவி தரும் அமைப்பு) மனு கொடுங்கள். ஜாமீன் கிடைத்தும், ஜாமீன்தாரர் (பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுபவர்) இல்லாமல் உங்கள் தம்பி பத்து நாளாக மத்திய சிறையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜாமீன் கிடைத்து 7 நாள் தாண்டினாலே சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். இது 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீலுக்குக் காசு வேண்டாம்.

பெரும்பாலும் இடிப்பது ஜாமீன்தாரரின் ஆவணம்தான். வீட்டு வரி ரசீது இறந்துபோன தாத்தா பெயரில், ஆதார் மாமா பெயரில் என்றால் ஏற்க மாட்டார்கள்.

வெளியே விட்டால் திருட்டு கூடும் என்று உறவினர் சொல்கிறார்களாம். அதையும் யோசித்துத்தானே நீதிபதி ஜாமீன் கொடுத்தார்? இப்போது தடுப்பது வறுமை மட்டுமே, மனசு ஆறவில்லை.

அப்புறம், சிறையில் மனுப் போட்டுத் தம்பியைப் பார்க்கும்போது கேளுங்கள்: வேறு வழக்கில் வாரண்ட் இருக்கிறதா? இருந்தால் அதற்குத் தனி ஜாமீன் வேண்டும்.