நிபுணர்களும் கட்சிகளும் இருக்கும்போது, பொதுப் பிரச்சினைகளில் நமக்கென்று ஓர் அறநிலைப்பாடு எதற்கு? அதை எப்படி உருவாக்கிக்கொள்வது?

நமக்கென்று ஒன்று இல்லாவிட்டால், பக்கத்தில் இருப்பவர் சொல்வதே நம் கருத்தாகிவிடும். 1951-இல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிப் பார்த்தார். விடை கண்ணுக்கே தெரியும். ஆனாலும், சொல்லிவைத்த ஆட்கள் எல்லோரும் ஒரே தவறான விடையைச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அதையே திருப்பிச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் இந்த இழுப்பு வெகுவாகக் குறைந்தது. ஆக, உங்கள் நிலைப்பாடு அடுத்தவருக்கும் உதவும். அந்த 'ஒரே ஒருவர்' நீங்களாக இருக்கலாம்.

எப்படி என்பதற்கு மரண தண்டனையையே எடுத்துக்கொள்வோம். யார் என்ன சொன்னார்கள் என்று தேடுவதற்கு முன்பே, வேண்டுமா வேண்டாமா, ஏன் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியமும் தகவலா, மதிப்பீடா என்று பிரித்துப் பாருங்கள். "தூக்கு இருந்தால் கொலை குறையும்" என்பது தகவல் பற்றிய கூற்று, சரிபார்க்க முயலலாம். "கொன்றவனுக்கு வாழத் தகுதியில்லை" என்பது மதிப்பீடு. எந்தப் புள்ளிவிவரமும் அதைத் தீர்த்துவைக்காது.

பலர் சறுக்குவது இங்கேதான். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு 2012-இல் அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்து, மரண தண்டனையால் கொலைகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா, மாற்றமே இல்லையா என்பதை அவற்றைக் கொண்டு சொல்ல முடியாது என்று அறிவித்தது. "குறையும்" என்பவருக்கும் "குறையாது" என்பவருக்கும் அந்த ஆய்வுகளில் பிடிமானம் இல்லை. மிஞ்சுவது அறக்கேள்விகள்: உயிரை எடுக்கும் உரிமை அரசுக்கு உண்டா? நிரபராதியைத் தூக்கிலிட்டுவிட்டால் என்ன செய்வது? இவற்றை நிபுணர் தலையில் கட்ட முடியாது.

அடுத்து ஆளை மாற்றிப் பாருங்கள். குற்றவாளி உங்கள் தம்பி என்றால்? உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத கூட்டத்தைச் சேர்ந்தவன் என்றால்? தீர்ப்பு மாறினால், நீங்கள் கொள்கை என்று நினைத்தது வெறும் பாசமாகவோ வெறுப்பாகவோ இருக்கலாம். விதியைத் திருத்துங்கள், அல்லது தீர்ப்பைத் திருத்துங்கள்.

காரணங்களை அடுக்கிக்கொண்டே போவதைச் சிந்தனை என்று நினைக்க வேண்டாம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கொள்கை எப்படிச் செயல்பட்டு அந்தப் பலனைத் தரும் என்று படிப்படியாக விளக்கச் சொன்னதும், பலரின் தீவிரம் தணிந்தது. காரணங்களை மட்டும் பட்டியலிட்டவர்களிடம் அப்படித் தணியவில்லை. காரணத்தை எங்கிருந்தும் கடன் வாங்கலாம். 'எப்படி' என்று எழுத உட்கார்ந்தால்தான் ஓட்டை தெரியும்.

எல்லாப் பிரச்சினைக்கும் இப்படி உழைக்க யாருக்கும் நேரமில்லை. இரண்டு மூன்று போதும். மற்றவற்றில் "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று சொல்லலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அந்த அரைப் பக்கத்தின் அடியில் தேதி போட்டு, எது தெரியவந்தால் மனம் மாறுவீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த வரியில் எழுத எதுவும் கிடைக்கவில்லை என்றால், மேலே எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள்.